காம்போனென்டை எழுதும் முறை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

ஓடிபி கேட்கும் எந்தப் பக்கத்திலும் அந்தப் பட்டன் இருக்கும். 'மீண்டும் அனுப்ப 30 விநாடி' என்று மங்கலாக நிற்கும். எண் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் ஆனதும் அழுத்தலாம். அழுத்தினால் மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே நிறுவனத்தின் தளத்திலேயே லாகின் பக்கம், பணம் அனுப்பும் பக்கம், பாஸ்வேர்டு மாற்றும் பக்கம் என்று மூன்று நான்கு இடங்களில் இது வேண்டியிருக்கும். ஒரு தடவை எழுதி எல்லா இடத்திலும் போட்டுக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். அப்படி எழுதி வைப்பதைத்தான் காம்போனென்ட் என்கிறோம்.

அதை எழுதும் முறையில்தான் இத்தனை மாற்றம். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் எல்லாம் வலைப்பக்கங்களைக் காம்போனென்ட்களால் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குகள். ரியாக்ட் வந்ததிலிருந்து மூன்று விதமாக எழுதச் சொல்லியிருக்கிறது. வியூ ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. ஸ்வெல்டும் செய்தது. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து மிரள்கிறார்கள். சும்மா ஃபேஷனுக்காக மாற்றுகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றத்தைப் பகிர்ந்துகொள்வது ஆரம்பத்திலேயே தீர்ந்துபோன விஷயம். நடத்தையைப் பகிர்வதுதான் ஒவ்வொரு தடவையும் இடறியது. மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த இடறலிலிருந்து பிறந்தவை.

தோற்றம் என்றால் பட்டனின் நிறம், எழுத்து, வளைந்த ஓரம். நடத்தை என்றால் முப்பதிலிருந்து எண்ணுவது, பூஜ்யத்தில் நிற்பது, பட்டன் திரையை விட்டுப் போனால் டைமரை அணைப்பது. இந்த மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது, அதிகத் தொல்லை தருவதும் அதுதான்.

அதற்கு முந்தைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஜேக்வெரியின் காலத்தில் இதற்கு பிளக்-இன் எழுதுவோம். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பட்டனைத் தேடிப் பிடித்து, அதன்மேல் நடத்தையை ஏற்றிவிடும். அந்தப் பட்டன் இருந்த பகுதியை வேறொரு நிரல் அழித்துவிட்டுப் புது உள்ளடக்கம் போட்டால், பட்டன் போய்விட்டது என்று பிளக்-இன்னுக்குச் சொல்ல யாரும் இல்லை. இல்லாத பட்டனுக்காக டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். ப்ரௌசருக்குள்ளேயே வழி செய்யும் முயற்சிகளும் அதற்கு முன்பே நடந்தன. மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் எச்டிசி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மொசில்லாவிடம் எக்ஸ்பிஎல் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சொந்த முகப்பையே நெடுங்காலம் அதில்தான் கட்டினார்கள். இரண்டும் அந்தந்த ப்ரௌசரின் எல்லையைத் தாண்டிப் போகவில்லை.

ரியாக்டை ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் உருவாக்கினார். 2013 மே மாதம் ஜேஎஸ்கான்ஃப் யுஎஸ் மாநாட்டில் அதைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு நடுவில் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதைப் பார்த்து அன்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு காரியத்தை ரியாக்ட் முதல் நாளிலேயே சரியாகச் செய்திருந்தது: காம்போனென்ட் திரைக்கு வரும்போதும் போகும்போதும் அதற்குத் தகவல் சொன்னது.

முதல் முறைக்குப் பெயர் கிரியேட்கிளாஸ். ஒரு ஆப்ஜெக்டைக் கொடுப்போம். அதில் ஆரம்ப ஸ்டேட் (காம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்பு) எது, திரையில் என்ன காட்ட வேண்டும், வரும்போது என்ன செய்ய வேண்டும், போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட். நடத்தையைப் பகிர்வதற்கு மிக்சின் இருந்தது: சில மெத்தட்களைத் தனியாக எழுதிவைத்து, வேண்டிய காம்போனென்டில் கலந்துவிடுவது. அந்தக் காலத்து ரியாக்ட் ஆவணத்தில் மிக்சினுக்குக் காட்டிய எடுத்துக்காட்டே ஒரு டைமர்தான். காம்போனென்ட் தொடங்கும் எல்லா டைமரையும் அந்த மிக்சின் ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். காம்போனென்ட் போகும்போது பட்டியலில் உள்ள அத்தனையையும் அணைத்துவிடும். அழகான யோசனை. நம் ஓடிபி பட்டனுக்கு அப்படியே பொருந்தும்.

ஒரே மிக்சின் இருக்கும்வரை நன்றாகத்தான் போகும். நான்கு மிக்சின் சேர்ந்ததும் குழப்பம் தொடங்கும். எல்லா மிக்சினின் மெத்தட்களும் ஒரே ஆப்ஜெக்டில் வந்து விழுகின்றன. இரண்டு மிக்சின் ஒரே பெயரில் மெத்தட் வைத்திருந்தால் ரியாக்ட் பிழை காட்டி நின்றுவிடும். பெயர் மோதாவிட்டாலும், ஒரு மெத்தட் எந்த மிக்சினிலிருந்து வந்தது என்பதைக் கோப்பைப் படித்துச் சொல்ல முடியாது. ஒரு மிக்சின் இன்னொன்றின் ஸ்டேட்டைச் சத்தமில்லாமல் நம்பியிருக்கும். அதை நீக்கினால் இது உடையும். 2016 ஜூலையில் ரியாக்ட் குழுவின் டான் ஆப்ரமோவ், மிக்சின்கள் கேடு விளைவிப்பவை என்று தலைப்பிலேயே சொல்லி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். பெரிய நிரல்தொகுப்பில் அவற்றோடு மல்லாடியவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது.

அதற்குள் கிளாஸ் முறை வந்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே கிளாஸ் வரப்போகிறது, நாமே ஏன் தனியாக ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், 2015 மார்ச்சில் வந்த ரியாக்ட் 0.13 அதை ஏற்றுக்கொண்டது. இதில் மிக்சினுக்கு இடமே இல்லை. கிரியேட்கிளாஸ் தானாகச் செய்துகொடுத்த ஒரு உதவியும் போனது. பட்டனை அழுத்தினால் ஓடும் மெத்தடுக்குள் 'திஸ்' என்று எழுதினால், முன்பு அது காம்போனென்டையே குறிக்கும்படி ரியாக்ட் பார்த்துக்கொண்டது. கிளாஸில் அதை நாமே கட்டிவிட வேண்டும். மறந்தால் பட்டன் நன்றாகத்தான் தெரியும், அழுத்தினால்தான் பிழை வரும். 2015இலிருந்து 2018 வரை ரியாக்ட் கற்றவர்கள் எல்லாரும் இந்தப் பிழையைச் சந்தித்திருப்பார்கள்.

மிக்சின் போன இடத்தை நிரப்ப இரண்டு உத்திகள் பரவின. ஒன்று, காம்போனென்டை இன்னொரு காம்போனென்டால் போர்த்துவது. மற்றொன்று, என்ன காட்ட வேண்டும் என்பதை ஒரு ஃபங்ஷனாக உள்ளே அனுப்புவது. இரண்டுமே வேலை செய்தன, இரண்டுமே அடுக்கு வளர்த்தன. திரையில் ஒரு சின்னப் பட்டன். ப்ரௌசரில் நிரலை ஆராயும் டெவ்டூல்ஸைத் திறந்தால் அதன்மேல் ஏழெட்டு உறை. நடத்தையைக் கடன் வாங்குவதற்காக மட்டுமே இருக்கும் உறைகள் அவை. தோற்றத்துக்கு அவை எதுவுமே தேவையில்லை.

சரி, ஃபங்ஷன் முறைக்கு வருவோம். ஃபங்ஷனையே காம்போனென்டாக எழுதலாம் என்பது 2015 அக்டோபரில் ரியாக்ட் 0.14இலேயே வந்துவிட்டது. அப்போது அது தோற்றத்துக்கு மட்டும்தான்: வெளியிலிருந்து வரும் மதிப்புகளான ப்ராப்ஸை வாங்கும், திரையில் காட்ட வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஸ்டேட் வேண்டுமென்றால் கிளாஸுக்குப் போக வேண்டும். 2018 அக்டோபரில் ரியாக்ட் கான்ஃப் மேடையில் ஹூக்ஸை அறிவித்தார்கள். ஃபங்ஷன் காம்போனென்டுக்குள் அழைத்து ஸ்டேட் போன்றவற்றைப் பெற உதவும் ஃபங்ஷன்கள் அவை. 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு அது வெளிவந்தது. அதன்பிறகு ஃபங்ஷனால் எல்லாமே முடிந்தது.

ஹூக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, தொடங்குவதும் முடிப்பதும் ஒரே இடத்தில் இருப்பது. கிளாஸில் டைமரைத் தொடங்கும் வரி ஒரு மெத்தடில், அணைக்கும் வரி இன்னொன்றில். நடுவில் நூறு வரி இருக்கலாம். திரைக்கு வந்தபின் செய்ய வேண்டிய வேலைக்கான ஹூக் யூஸ்எஃபெக்ட். அதில் டைமரைத் தொடங்கிவிட்டு, அதை அணைக்கும் ஃபங்ஷனை அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம். அணைக்க மறந்தால் சீக்கிரமே மாட்டிக்கொள்வோம்: 2022இல் வந்த ரியாக்ட் 18, பிழைகளை முன்கூட்டியே காட்டும் ஸ்ட்ரிக்ட் மோடில், நிரலை உருவாக்கும் கட்டத்தில் மட்டும், ஒவ்வொரு எஃபெக்டையும் ஒருமுறை ஓட்டி, முடித்து, மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அணைக்காத டைமர் இரண்டாகிவிடும். எண் 30, 28, 26 என்று இரட்டை வேகத்தில் இறங்கும்.

இந்த மொத்தத்தையும் வெட்டி எடுத்து 'யூஸ்கவுன்ட்டவுன்' என்று ஒரு தனி ஃபங்ஷனாக வைத்துவிடலாம். அதில் தோற்றமே கிடையாது. மீதி எத்தனை விநாடி, மறுபடி தொடங்க ஒரு ஃபங்ஷன், இரண்டை மட்டும் திருப்பித் தரும். ஓடிபி பட்டனும் அதைப் பயன்படுத்தலாம், ஆன்லைன் தேர்வில் மீதி நேரம் காட்டும் பட்டையும் பயன்படுத்தலாம். உறை இல்லை, பெயர் மோதல் இல்லை, எது எங்கிருந்து வந்தது என்பது அந்த வரியிலேயே தெரியும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. முதலாவது, ஹூக்குகளை ரியாக்ட் பெயரால் அடையாளம் காண்பதில்லை, அழைக்கும் வரிசையால்தான். முதலில் அழைத்த யூஸ்ஸ்டேட்டுக்கு (ஸ்டேட் தரும் ஹூக்) முதல் இடம், அடுத்ததற்கு இரண்டாம் இடம். ஒரு 'இஃப்' நிபந்தனைக்குள் ஹூக்கை வைத்தால் வரிசை குலைந்து, ஒன்றின் மதிப்பு இன்னொன்றுக்குப் போகும். அதனால்தான் எப்போதும் மேலேயே அழைக்க வேண்டும் என்ற விதி.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஃபங்ஷன் காம்போனென்ட் ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது திரையில் காட்ட வேண்டியதைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும், முழுதாக மறுபடி ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் 'மீதி' என்ற பெயருக்கு அந்த ஓட்டத்தின் மதிப்பு மட்டும்தான். எஃபெக்டை முதல் தடவை மட்டும் ஓடும்படி எழுதி, அதில் 'மீதியிலிருந்து ஒன்றைக் கழி' என்று டைமருக்குச் சொன்னால், அந்த டைமர் முதல் ஓட்டத்தின் மீதியையே பார்த்துக்கொண்டிருக்கும். முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது. அடுத்த விநாடியும் முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது. எண் 29இலேயே நின்றுவிடும். 'இப்போதைய மதிப்பு எதுவோ அதிலிருந்து ஒன்றைக் கழி' என்று ஒரு ஃபங்ஷனாகக் கொடுத்தால்தான் இறங்கும். கிளாஸில் இந்தச் சிக்கல் வராது. திஸ் வழியாகப் படிக்கும்போது எப்போதும் புதிய மதிப்பே கிடைக்கும்.

ஆனால் எப்போதும் புதிய மதிப்பு கிடைப்பது நல்லதுதானா? பயனர் ஒரு மொபைல் எண்ணைக் கொடுத்து 'அனுப்பு' என்று அழுத்துகிறார். சர்வரிலிருந்து பதில் வருவதற்குள், எண் தப்பு என்று கண்டு மாற்றிவிடுகிறார். பதில் வந்ததும் 'இந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டோம்' என்று காட்ட வேண்டும். கிளாஸில் திஸ் வழியாகப் படித்தால் மாற்றிய எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு ஓடிபி போகவே இல்லை. ஃபங்ஷனில் அழுத்திய நேரத்து எண் அப்படியே பிடிபட்டிருக்கும். சரியான எண்ணைக் காட்டும். 29இல் நிற்கவைத்த அதே குணம் இங்கே காப்பாற்றுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு ஹூக்ஸில் பாதி பயம் போய்விடும்.

நடத்தையை ஒரே இடத்தில் வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றைக் காட்டலாம். ஓடிபி வந்ததா என்று பார்க்கப் பயனர் மெசேஜ் ஆப்புக்குப் போகிறார். பின்னணிக்குப் போன பக்கத்தின் டைமரை ப்ரௌசர் மெதுவாக்கும், போனில் அடியோடு நிறுத்தியும் வைக்கும். இருபது விநாடி கழித்துத் திரும்பி வந்தால் எண் இன்னும் 27இல் இருக்கும். ஒவ்வொன்றாகக் கழிப்பதே தவறான வழி. முடியும் நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு தடவையும் இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு மீதியைக் கணக்கிட வேண்டும். நடத்தை ஒரே ஃபங்ஷனில் இருந்தால் இந்தத் திருத்தம் ஓரிடத்தில் முடிந்துவிடும். மூன்று பக்கங்களில் மூன்று விதமாக எழுதியிருந்தால், இரண்டைத் திருத்தி ஒன்றை விட்டுவிடுவோம்.

வியூவும் இதே பாதையில்தான் நடந்தது. எவன் யூ 2014இல் வெளியிட்ட வியூவில், தரவு ஒரு பகுதி, மெத்தட்கள் ஒரு பகுதி என்று பிரித்து எழுதும் முறை இருந்தது. படிக்க மிக எளிது. நடத்தையைப் பகிர அங்கேயும் மிக்சின், அங்கேயும் அதே குழப்பம். அதற்கு மாற்றாக 2019இல் முன்வைத்த காம்போசிஷன் ஏபிஐ பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. பழைய முறையைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று பலர் பயந்தார்கள். 2020 செப்டம்பரில் வந்த வியூ 3 இரண்டையும் வைத்துக்கொண்டது. இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு: வியூவின் செட்அப் ஒரு காம்போனென்டுக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும். மதிப்பு ஒரு பெட்டிக்குள் இருக்கும், படிக்கும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்ப்போம். அதனால் 29இல் நிற்கும் சிக்கலே எழாது. இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர் தன் போக்கில் கிளாஸையும், அதன்மேல் ஒட்டும் குறிப்பான டெகரேட்டரையும் விடாமல் வைத்திருக்கிறது. பகிர வேண்டிய நடத்தையை சர்வீஸ் என்று தனியாக எழுதி உள்ளே செலுத்தும் பழக்கம் அங்கே முதலிலிருந்தே உண்டு.

ஸ்வெல்டின் கதை என் வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி. ரிச் ஹாரிஸ் 2016இல் தொடங்கியது. 2019இல் வந்த மூன்றாம் பதிப்பில் காம்போனென்ட் எழுதுவது சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது போலவே இருந்தது: ஒரு மாறியை அறிவித்து, அதில் ஒன்றைக் கழித்தால் திரை மாறிவிடும். நாம் எழுதியதை ப்ரௌசருக்கான நிரலாக மாற்றும் கம்பைலர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதைவிட எளிய வடிவம் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மாயம் ஸ்வெல்ட் கோப்பின் மேல்மட்டத்தில் மட்டும்தான். எண்ணும் வேலையை வெட்டி எடுத்து ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் வைத்தால், மாயம் நின்றுவிடும். ஸ்டோர் என்ற வேறொரு முறைக்கு மாற்றி எழுத வேண்டும். 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு, இது ஸ்டேட் என்று வெளிப்படையாகக் குறிக்கும் ரூன் என்ற வடிவத்துக்கு மாறியது. எளிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நடத்தையைக் கோப்புக்கு வெளியே எடுத்துப் போகும் வசதியை வாங்கிக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான குறை உண்டு. ரியாக்டில் எழுதிய பட்டனை வியூ எழுதும் அணிக்குக் கொடுக்க முடியாது. இதற்கு ப்ரௌசர் தரும் பதில்தான் வெப் காம்போனென்ட்ஸ். கூகுளில் இருந்த அலெக்ஸ் ரஸல் 2011இல் ஃப்ரன்டியர்ஸ் மாநாட்டில் இந்த யோசனையைப் பேசினார். எல்லாரும் ஒப்புக்கொண்ட வடிவம் வரப் பல வருடங்கள் ஆயின: குரோம் 2016இல், சஃபாரி 2017இல், ஃபயர்ஃபாக்ஸ் 2018இல், எட்ஜ் 2020இல்.

இதில் நம் பட்டன் ஒரு புதிய எச்டிஎம்எல் டேக் ஆகிறது. பெயரில் ஒரு சிறு கோடு கட்டாயம் இருக்க வேண்டும். நாளை எச்டிஎம்எல்லில் சேரும் டேக்குகளோடு மோதாமலிருக்க இந்த ஏற்பாடு. ஒரு கிளாஸை எழுதி, அந்தப் பெயரோடு ப்ரௌசரிடம் பதிவு செய்கிறோம். பக்கத்தில் சேரும்போதும் நீங்கும்போதும் ப்ரௌசரே தகவல் சொல்லும். ஜேக்வெரி காலத்தில் இல்லாத ஆள் இவர்தான். கிட்ஹப்பில் ஒரு மாற்றம் எவ்வளவு நேரம் முன்பு நடந்தது என்று காட்டும் குறிப்பு இப்படிப்பட்ட ஒரு டேக்தான்.

ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் சில முட்கள் தெரியும். டேக்கில் எழுதும் மதிப்பு எதுவானாலும் எழுத்துச் சரமாகத்தான் வரும். 30 என்று கொடுத்தாலும் நாம்தான் எண்ணாக மாற்ற வேண்டும். பக்கத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பட்டனை வழக்கமான முறையில் நகர்த்தினால், 'நீங்கினாய்' என்றும் 'சேர்ந்தாய்' என்றும் இரண்டு தகவல் வரும். சேரும்போதெல்லாம் முப்பதிலிருந்து தொடங்கு என்று எழுதியிருந்தால், வரிசை மாறிய பாவத்துக்குப் பயனர் மறுபடி முப்பது விநாடி காத்திருப்பார். டேக்கின் உள்பகுதியைச் சுவர் போட்டுப் பிரிக்கும் ஷேடோ டாம் போட்டால் வெளியே இருக்கும் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) உள்ளே நுழையாது, நல்லதுதான். கூடவே, உள்ளே இருக்கும் இன்புட் வெளியே இருக்கும் ஃபார்மோடு சேராது. அதற்குத் தனியாக எழுத வேண்டும். ஐடியை வைத்து லேபிளையும் விளக்கக் குறிப்பையும் இணைப்பது அந்தச் சுவரைத் தாண்டாது, ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு இது நேரடி இழப்பு. ரியாக்டும் நெடுங்காலம் இவற்றோடு ஒத்துப்போகவில்லை. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19தான் இந்த டேக்குகளுக்கு ஆப்ஜெக்டையும் ஈவென்டையும் முறையாக அனுப்பக் கற்றுக்கொண்டது.

பல ஃப்ரேம்வொர்க் புழங்கும் பெரிய நிறுவனத்தில், பத்து வருடம் நிற்க வேண்டிய பட்டனும் இன்புட்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரே அணி, ஒரே ரியாக்ட் என்றால் இத்தனை முட்களை வலியப் போய் வாங்குவதற்குக் காரணம் இல்லை.

ரியாக்ட் பக்கம் சில வருடங்களாக நடக்கும் இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ராடிக்ஸ், ரியாக்ட் ஏரியா போன்ற லைப்ரரிகள் தோற்றம் எதையும் தருவதில்லை. மெனு திறந்தால் ஃபோகஸ் எங்கே போக வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் என்ன ஆக வேண்டும், ஸ்கிரீன் ரீடருக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற நடத்தையை மட்டும் தருகின்றன. தோற்றம் நம் பொறுப்பு. 2023இல் வந்த ஷாட்சிஎன் யுஐ இன்னும் ஒரு படி போனது. வழக்கமான பேக்கேஜாக நிறுவும் லைப்ரரி அல்ல அது. வேண்டிய காம்போனென்டின் கோடு நம் கோப்புறைக்குள் நகலாகி வந்துவிடும், அப்புறம் அது நம்முடையது. நகல் எடுக்காதே என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த துறையில் இது எப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது என்றால், நகலாவது பெரும்பாலும் தோற்றம்தான். அடியில் இருக்கும் நடத்தை, குறிப்பாக ராடிக்ஸிலிருந்து வருவது, பேக்கேஜாகவே இருக்கிறது. அங்கே ஃபோகஸில் ஒரு பிழையைத் திருத்தினால், பதிப்பை ஏற்றியதும் நமக்கும் வந்துவிடும். நிறத்தையும் ஓரத்தையும் அவர்கள் மாற்றினால் நம் பக்கம் எதுவும் அசையாது. எந்தப் பாதியை வெளியே நம்பலாம், எந்தப் பாதியைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு அப்புறம் கோப்பைத் திறந்தால், கிளாஸா ஃபங்ஷனா டேக்கா என்பதில் அவ்வளவு நேரம் போகாது.